தாவரத் தைலங்கள் பக்கத்துச் செடியை என்ன செய்கின்றன? தட்டில் நடப்பதும் தோட்டத்தில் நடப்பதும்

#1 · தைலப்புல்

எலுமிச்சைப்புல் எண்ணெய் தெளித்தால் களை சாகுமா, தைல மரத்தடியில் (யூகலிப்டஸ்) ஏன் புல்லே இல்லை, துளசி வாசம் பட்டால் தக்காளி செழிக்குமா என்று மூன்று கேள்விகள் வெவ்வேறு இழைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து பேசலாம்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. வாசனைத் தைலங்களில் இருக்கும் சினியோல், சிட்ரால், சிட்ரோனெலால், தைமால், யூஜினால், கற்பூரம் போன்றவை முளைக்கும் விதைக்கும் இளவேருக்கும் நஞ்சு. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் 1998-இலேயே யூகலிப்டஸ் தைலங்களைப் பார்த்தீனியத்தின் மேல் சோதித்து வெளியிட்டார்கள். ஆவி பட்ட விதை முளைக்கவில்லை. வளர்ந்த செடியில் பச்சையம் குறைந்தது, நீரிழப்பு கூடி இலை வாடியது.

எப்படி வேலை செய்கிறது என்பதும் ஓரளவு தெளிவு. சிட்ரால், செல் பிரிவதற்கு வேண்டிய நுண்குழாய்களைக் குலைக்கிறது. கற்பூரமும் சினியோலும் வேர்நுனியில் டி.என்.ஏ. உருவாவதையே தடுக்கின்றன. ஆல்பா-பைனீன் வேர்ச் செல்லில் ஆக்சிஜனேற்றச் சேதம் உண்டாக்குகிறது. யூஜினால், தைமால் இரண்டும் செல் சவ்வையே கிழித்துவிடும். பொதுவாக ஆக்சிஜன் உள்ள மூலக்கூறுகளுக்கு (கீட்டோன், ஆல்கஹால், ஆல்டிஹைடு, ஃபீனால்) வேகம் அதிகம். லிமோனீன், பைனீன் போன்ற வெறும் ஹைட்ரோகார்பன்கள் அவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

சிக்கல் இதற்குப் பிறகு தொடங்குகிறது. மேலே சொன்ன முடிவுகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் விதை முளைக்கவைக்கும் மூடிய தட்டில் கிடைத்தவை. தட்டை மூடினால் ஆவி எங்கும் போக முடியாது. தோட்டத்துக்கு மூடி இல்லை. எந்த ஆய்வைப் படித்தாலும், எந்தக் காணொளியைப் பார்த்தாலும், "இது மூடிய இடமா, திறந்த இடமா?" என்று முதலில் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

#2 · வேர்நுனி

நல்ல தொடக்கம். தட்டுச் சோதனையை ஒழுங்காகச் செய்யும் முறையை எழுதிவிடுகிறேன். அரைகுறையாகச் செய்த சோதனைகளால் வந்த குழப்பமே பாதி.

தேவையானவை: 9 செ.மீ. கண்ணாடிப் பெட்ரித் தட்டுகள், வடிதாள், ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்த விதை. முள்ளங்கி, கடுகு, கீரை மாதிரி சிறு விதைகள் உணர்திறன் கூடியவை. பச்சைப்பயறு, தட்டைப்பயறு போன்ற பெரிய விதைகள் நிறையத் தாங்கும். அவற்றை மட்டும் வைத்துச் சோதித்தால் "தைலம் ஒன்றும் செய்யவில்லை" என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

தட்டில் வடிதாள் விரித்து 5 மில்லி தண்ணீர். அதற்கு மேல் ஊற்றினால் விதை மூழ்கி, காற்றில்லாமல் முளைப்பு குறையும், பழி தைலத்தின் மேல் விழும். ஒரு தட்டுக்கு 25 விதை, ஒரு அளவுக்கு 4 தட்டு. ஆவியை மட்டும் சோதிக்க, மூடியின் உட்புறத்தில் இன்னொரு சிறு வடிதாளை ஒட்டி எண்ணெயை அதில் விடுங்கள். எண்ணெய் விதையைத் தொடவே கூடாது. உடனே மூடி, காற்றுப் புகாதபடி பாராஃபிலிம் (மெழுகுப் படலம்) சுற்றவும். அளவுகள் தட்டுக்கு 0, 1, 2, 5, 10 மைக்ரோலிட்டர். 25 டிகிரியில் 7 நாள்.

நீரில் கலந்து சோதிப்பதானால், எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் ட்வீன் 20 வேண்டும், லிட்டருக்கு 1 மில்லி. எண்ணெயையும் ட்வீனையும் முதலில் குழைத்துவிட்டு, பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு தட்டுக்கு எல்லாம் போகும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. எண்ணெய் சேர்க்காத, ட்வீன் மட்டும் கலந்த ஒரு தொகுதியும் கட்டாயம்.

முளைவேர் 2 மி.மீ. வந்தால் முளைத்ததாகக் கணக்கு. ஏழாம் நாள் வேரையும் தண்டையும் தனித்தனியாக அளக்கவும். தைலம் முதலில் அடிப்பது வேரைத்தான். பாதித்த முள்ளங்கி நாற்றைக் கைலென்ஸில் பாருங்கள்: வேர் மூன்று நான்கு மி.மீ. வந்து நின்றுவிட்டிருக்கும். நுனி பழுப்பேறி, தீக்குச்சித் தலை போலத் தடித்திருக்கும். நல்ல நாற்றில் பஞ்சு போலத் தெரியும் வேர்த்தூவி அங்கே இருக்காது. தண்டும் வித்திலையும் மட்டும் ஓரளவு நன்றாகவே தெரியும். மேலே பார்த்துவிட்டு "பாதிப்பில்லை" என்று எழுதுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. முளைக்காத விதைகளை எடுத்துக் கழுவி, புதுத் தட்டில் வெறும் தண்ணீரில் இன்னும் 5 நாள் வையுங்கள். முளைத்தால் தைலம் அவற்றைக் கொல்லவில்லை, தூங்கத்தான் வைத்தது. களைக்கட்டுப்பாட்டில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

#3 · அகலிலை

வேர்நுனி, மிக்க நன்றி. வீட்டில் செய்பவர்களுக்காகச் சில கேள்விகள். மைக்ரோலிட்டர் அளக்கக் கருவி இல்லை, சொட்டுக் கணக்கில் போகலாமா? கண்ணாடித் தட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா போதுமா? கடையில் கிடைக்கும் நீலகிரித் தைலம் சுத்தமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#4 · வேர்நுனி

> சொட்டுக் கணக்கில் போகலாமா?

வேண்டாம். சொட்டின் அளவு மூடிக்கு மூடி, எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். மருந்துக்கடை இன்சுலின் சிரிஞ்சு போதும். ஆனால் எந்தச் சிரிஞ்சு என்று பார்த்து வாங்குங்கள். யூ-100 வகையில் 1 யூனிட் 10 மைக்ரோலிட்டர். யூ-40 வகையில் 1 யூனிட் 25 மைக்ரோலிட்டர். இரண்டும் நம் ஊரில் கிடைக்கும், மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு தவறும். 10-க்கும் குறைவான அளவு வேண்டுமானால் எண்ணெயை அசிட்டோனில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, தாளில் விட்டு, அசிட்டோன் பறக்க அரை நிமிடம் கொடுத்து மூடவும். அதற்கு மேல் விட்டால் சினியோலும் கூடவே பறந்துவிடும். அசிட்டோன் மட்டும் விட்ட தட்டு ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். சிரிஞ்சின் ரப்பர் முனை எண்ணெயில் ஊறினால் உப்பி இறுகும், உடனுக்குடன் கழுவிவிடுங்கள்.

> பிளாஸ்டிக் டப்பா போதுமா?

போதாது. பாலிஸ்டைரீன் தட்டை லிமோனீன் கரைத்தே விடும். மற்ற பிளாஸ்டிக்குகள் கரையாவிட்டாலும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் விட்டது 10, விதைக்குப் போனது எவ்வளவு என்றே தெரியாது. அகலவாய்க் கண்ணாடி ஜாடி எடுத்து, மூடிக்குக் கீழே அலுமினியத் தாள் வைத்து இறுக்குங்கள். ஒப்பீட்டு ஜாடிகள் வேறு அறையில் இருக்க வேண்டும். ஒரே அலமாரியில் எல்லாம் வைத்தால் கசிவு வந்து ஒப்பீடும் கெடும்.

> சுத்தமானதா என்று எப்படி?

முழு விவரம் ஆய்வகத்தில்தான் தெரியும். வீட்டில் இரண்டு சோதனை செய்யலாம். ஒன்று எடை: 10 மில்லி யூகலிப்டஸ் தைலம் 9.1 கிராமை ஒட்டி இருக்கும். கிராம்பு எண்ணெய் தண்ணீரை விடக் கனம், 10.4 முதல் 10.6 கிராம். கிராம்பு எண்ணெய் என்று வாங்கியது தண்ணீரில் மிதந்தால் அதில் வேறேதோ கலந்திருக்கிறது. இரண்டு: யூகலிப்டஸ் தைலத்தை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குக் கறை நிற்கும்.

எது யூகலிப்டஸ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டிப் பக்கத்து நீலகிரித் தைலத்தில் முக்கியப் பொருள் சினியோல். எலுமிச்சை வாசம் வரும் யூகலிப்டஸில் சிட்ரோனெலால். விதைமேல் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு.

#5 · செம்மண்

தைலப்புல் கேட்ட "மூடியா, திறந்ததா" கேள்விக்கு எண்ணில் ஒரு பதில். 9 செ.மீ. தட்டின் உட்கொள்ளளவு சுமார் 95 மில்லி. அதில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் லிட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர். இதே அடர்த்தியை ஒரு ஏக்கரில், தரையிலிருந்து 10 செ.மீ. உயரம் வரை மட்டும் நிறுத்தப் பாருங்கள்: 4,047 சதுர மீட்டர், 405 கன மீட்டர் காற்று, அதாவது 4,05,000 லிட்டர். வேண்டிய தைலம் 40 லிட்டர். அதுவும் ஒரு தடவை நிரப்ப. ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் பக்கம் 64 மீட்டர். விநாடிக்கு 1 மீட்டர் என்ற மெல்லிய காற்றில் அத்தனையும் ஒரு நிமிடத்தில் வேலி தாண்டிவிடும்.

வரப்போரம் எலுமிச்சைப்புல் நட்டால் வாசத்திலேயே களை அடங்கும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வரப்பில் புதர் அடர்ந்து நிழல் தட்டி, சல்லிவேர் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் களை குறையலாம். அது உண்மையான பலன்தான். ஆவியின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

#6 · வேர்நுனி

செம்மண், உங்கள் கணக்கின் திசை சரி. ஆனால் ஒரு திருத்தம் வேண்டும், அது முக்கியமானது. காற்று லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டர் தாங்காது. 25 டிகிரியில் சினியோலின் ஆவியழுத்தம் (எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதன் அளவு) சுமார் 250 பாஸ்கல். அந்த அழுத்தத்தில் ஒரு லிட்டர் காற்று நிறைந்து நிற்பதே ஏறத்தாழ 15 மில்லிகிராம், அதாவது 17 மைக்ரோலிட்டர்தான். தட்டில் விட்ட மிச்சம் ஈரத் தாளிலும் விதையிலும் போய்க் கரைகிறது. சினியோல் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேலேயே கரையும். ஆக, ஏக்கருக்கு ஒரு நிரப்பு 7 லிட்டர். அப்போதும் நிமிடக் கணக்கில் அது பறந்துவிடும் என்ற உங்கள் முடிவு மாறாது.

இந்த ஆவியழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் பல முடிச்சுகள் அவிழும். கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினாலின் ஆவியழுத்தம் 3 பாஸ்கல் அளவுதான். லிட்டர் காற்றில் நிற்பது 0.2 மில்லிகிராம். சினியோலோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு. அதனால்தான் கிராம்பு எண்ணெய் இலைமேல் விழுந்தால் அங்கேயே இருந்து சுடுகிறது, நீலகிரித் தைலம் வேலை முடிவதற்குள் போய்விடுகிறது. மூடிய இடத்தில் ஆவியாகப் பரவ வேண்டும் என்றால் சினியோல் கெட்டிக்காரன். இலையைச் சுட வேண்டும் என்றால் யூஜினால்.

#7 · தைலப்புல்

இங்கே பழைய வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், இந்தத் துறையில் நுழையும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது.

கலிபோர்னியாவின் சாண்டா யினெஸ் பள்ளத்தாக்கில் சால்வியா லியூகோஃபில்லா என்ற வாசனைப் புதர் புல்வெளிக்குள் திட்டுத் திட்டாக நிற்கும். ஒவ்வொரு புதரைச் சுற்றியும் ஓரிரு மீட்டருக்கு வெறுந்தரை, அதற்கப்பால் குட்டையான புல், பிறகு இயல்பான புல்வெளி. வானிலிருந்து எடுத்த படத்தில் கோலம் போட்டது மாதிரி தெரியும். கார்னீலியஸ் முல்லரும் உடன் ஆய்வாளர்களும் 1964-இல் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் சொன்னார்கள்: இலையிலிருந்து வரும் கற்பூரமும் சினியோலும் மண்ணில் படிந்து புல் விதையைத் தடுக்கின்றன என்று. தட்டில் செய்த சோதனையும் பொருந்தி வந்தது. உலகமெங்கும் பாடநூலில் ஏறியது.

1970-இல் அதே இதழில் பார்தலோமியூ என்பவர் வேறொன்று காட்டினார். வெறுந்தரைப் பட்டையின் மேல் கம்பிவலைக் கூண்டு வைத்தார், எலி, முயல், பறவை உள்ளே வர முடியாதபடி. கூண்டுக்குள் புல் முளைத்து வளர்ந்தது. புதரின் மறைவில் ஒளிந்துகொள்ளும் பிராணிகள், பருந்துக்குப் பயந்து புதரை விட்டு அதிக தூரம் போகாமல், சுற்றிலும் இருப்பதைத் தின்று தீர்த்திருக்கின்றன. புதரின் ஆவி கூண்டுக்குள்ளும் போய்க்கொண்டுதான் இருந்தது.

முல்லர் கண்ட நஞ்சு பொய்யில்லை. அது அந்தப் புதரில் இருக்கிறது, பிற்பாடு ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே ஐந்து ஆவிப்பொருள்களை கடுகு இன நாற்றின் வேரில் சோதித்துச் செல் பிரிவு நிற்பதையும் காட்டினார்கள். நஞ்சு இருப்பது ஒன்று, அந்த இடத்தில் அதுவே காரணம் என்பது வேறொன்று.

தைல மரத்துக்கும் இதே கேள்வி. சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கும் தைல மரத்தடியும் வெறிச்சென்று கிடக்கிறது, எண்ணெய் வடிக்கும் நீலகிரி மரத்தடியும் அப்படியே. மண்ணீரை வேர் இழுப்பது, உதிர்ந்த இலையின் மெழுகு படிந்து மேல்மண் தண்ணீரை ஏற்காமல் உருட்டிவிடுவது, இலை ஊறிய நீரில் இறங்கும் ஃபீனாலிக் அமிலங்கள், இவற்றோடு தைலமும் ஒரு பங்காளி. காய்ந்த சருகடி மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி உருண்டு நிற்கும், சட்டென்று உறிஞ்சாது. அப்படிப்பட்ட மண்ணில் தைலமே இல்லாவிட்டாலும் சிறு விதை முளைப்பது கடினம்.

#8 · கறுவாத்தோட்டம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தெளிப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இங்கே கறுவாப்பட்டை எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் வேறு வேறு. பட்டையில் சினமால்டிஹைடு. இலையில் யூஜினால், 70 வீதத்துக்கு மேல். விலையில் இலை எண்ணெய் மலிவு, களைக்கு வேண்டியதும் அதுதான். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர் ஒருவர் 2002-இல் பல தைலங்களைச் சோதித்தபோது கறுவா, கிராம்பு, சிவப்புத் தைம், சமர் சேவரி நான்கும் முன்னுக்கு வந்தன. 5 முதல் 10 வீதக் கரைசலில் தெளித்த களைகள் ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கருகின. கறுவா எண்ணெயில் வேலை செய்தது யூஜினால்தான் என்றும் பிரித்துக் காட்டினார்.

1 லிட்டர், 5 வீதம்: எண்ணெய் 50 மில்லி, 'ட்வீன் 80' என்ற கலப்பான் 10 மில்லி, தண்ணீர் 940 மில்லி. எண்ணெயில் ட்வீனை முதலில் கலந்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்க வேண்டும். பால் மாதிரி வெள்ளையாக வரும். கால் மணி நேரத்தில் பிரியத் தொடங்கும், யூஜினால் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். தெளிக்கும்போது நடுநடுவே குலுக்காவிட்டால் முதல் பாத்திக்கு நெருப்பு, கடைசிப் பாத்திக்கு வெறும் தண்ணீர்.

இது பட்ட இடத்தை மட்டும் சுடும் மருந்து. செடிக்குள் ஓடாது. நனையாத இலை தப்பிக்கும். 1 லிட்டர் 10 முதல் 20 சதுர மீட்டருக்குத்தான் வரும். களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது, பனி காய்ந்த பிறகு, நல்ல வெயிலில் தெளிக்க வேண்டும். சரியாகப் பட்டால் இலை முதலில் ஈரத்துணி போலக் கரும்பச்சையாகத் தளரும், அதாவது சவ்வு கிழிந்து உள்நீர் வெளியே வந்துவிட்டது. பின்னேரத்துக்குள் ஓரம் பழுப்பாகும். மேகமூட்டத்தில் இதே அளவு அரைவாசி வேலைகூடச் செய்யாது.

கையுறை நைட்ரைல் ஆக இருக்கட்டும். கண்ணாடி கட்டாயம், யூஜினால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குளம், மீன்தொட்டிப் பக்கம் வேண்டவே வேண்டாம். மீனை மயக்குவதற்கே கிராம்பு எண்ணெயை லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் அளவில் பயன்படுத்துகிறார்கள். அதை நினைத்தால் நம் கரைசல் எவ்வளவு வலு என்று விளங்கும்.

#9 · அகலிலை

ட்வீனுக்குப் பதில் காதி சோப்புக் கரைசல் போடலாமா? வினிகரும் சேர்த்தால் வேகம் கூடும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்களே.

#10 · கறுவாத்தோட்டம்

சோப்பு தனியாகப் போடலாம், லிட்டருக்கு 10 மில்லி திரவச் சோப்பு. ஆனால் கிணற்று நீர் கடினநீராக இருந்தால் சோப்பு திரிந்து தயிர்த் துணுக்காகி முனைக்குழாயை அடைக்கும், எண்ணெயும் பிரியும். மழைநீர் எடுங்கள்.

சோப்பையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து கொழுப்பமிலமாக மேலே மிதக்கும், அதற்குப் பிறகு அது சோப்பே இல்லை, எண்ணெயைக் கலக்க அங்கே எதுவும் மிஞ்சாது. வினிகர் வேண்டுமென்றால் ட்வீன் 80 மட்டும்தான் சரி.

#11 · செம்மண்

கரைசல் சரி. செலவையும் போட்டுவிடுவோம். 20 சதுர மீட்டருக்கு 1 லிட்டர் என்றால் ஒரு சென்டுக்கு 2 லிட்டர், எண்ணெய் 100 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர், எண்ணெய் 10 லிட்டர். சொந்தமாக எலுமிச்சைப்புல் வடிக்கிறவர் "எண்ணெய் என்னிடமே இருக்கிறது" என்று நினைக்கலாம். பச்சைப் புல்லில் 0.4 சதம் எண்ணெய் என்று வைத்தால் 10 லிட்டருக்கு 2.2 டன் புல் வெட்ட வேண்டும். ஒரு ஏக்கர் களையை ஒரு தடவை சுட இது. எலுமிச்சைப்புல்லில் இருக்கும் சிட்ரால் யூஜினாலை விட வேகமாக ஆவியாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் பொருந்தும் என்றால், நடைபாதைக் கல்லிடுக்கு, தொட்டி ஓரம், நாற்றங்காலில் விதைப்பதற்கு முன் முளைத்துவிட்ட சிறுகளை. இளம் சாரணை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை நன்றாகக் கருகும். கோரைக்கும் அருகுக்கும் வீண். மேல் இலை கருகினாலும் கோரையின் கிழங்கும் அருகின் வேர்த்தண்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், இரண்டு வாரத்தில் திரும்ப வந்து நிற்கும். பொதுவாகவே புல்வகையின் வளர்நுனி அடியில் உறைக்குள் ஒளிந்திருப்பதால் அகலிலைக் களை அளவுக்கு அடி வாங்காது.

தெளித்த பாத்தியில் ஒரு வாரம் கழித்து முதலில் பத்துப் பதினைந்து முள்ளங்கி விதை தூவிப் பாருங்கள். வேர் நேராக இறங்கினால் பயிர் விதைக்கலாம். மண் நுண்ணுயிர்கள் இந்தத் தைலங்களைத் தின்றுவிடும். கிரேக்க நாட்டு ஆய்வுகளில் லாவண்டர், ரோஸ்மேரி தைலம் சேர்த்த மண்ணில் நுண்ணுயிர்ச் சுவாசம் கூடியே இருந்தது. களிமண்ணும் மட்கும் அதிகமுள்ள இடத்தில் தைலத்தின் பெரும்பங்கு ஒட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காமலும் போகும். தட்டில் கிடைத்த அளவை மண்ணுக்கு அப்படியே மாற்ற முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை: வீட்டுத் தோட்டத்துக்குக் கலப்பது வேறு. களைக்கொல்லி என்று பெயர் போட்டு இந்தியாவில் விற்க, 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும்.

#12 · தைலப்புல்

செலவும் ஆவியாதலும் தடை என்று வேதியியலாளர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். 1,4-சினியோல் மூலக்கூறு சீக்கிரம் பறக்கிறதே என்று அதில் ஒரு கனமான பென்சைல் பக்கத்தொகுதியை இணைத்தார்கள். சின்மெதிலின் பிறந்தது. 1980-களில் நெல்வயல் களைக்கொல்லியாக வந்தது. அது கொழுப்பமில உற்பத்தியில் உள்ள ஒரு நொதியைப் பிடிக்கிறது என்பது 2018-இல்தான் தெரிந்தது, இப்போது ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் புது வாழ்வு பெற்றிருக்கிறது.

இன்னொன்று 1977, கலிபோர்னியா. பாட்டில் பிரஷ் செடியின் கீழே களை குறைவாக இருப்பதை ஸ்டாஃபர் என்ற வேதிப்பொருள் நிறுவனத்து ஆய்வாளர் ஒருவர் கவனித்தார். மண்ணைப் பிரித்தெடுத்துப் பார்த்ததில் லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் கிடைத்தது. நியூசிலாந்தின் மானுகா எண்ணெயிலும் அது உண்டு. அதன் அமைப்பைத் திருத்தித் திருத்தி வந்ததுதான் மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களைக்கொல்லியான மெசோட்ரையோன். தெளித்த களை வெளுத்து, காகிதம் போல வெண்மையாகிச் சாகும். நிறமிகளைக் காக்கும் பாதையை அது அடைத்துவிடுகிறது. பக்கத்துச் செடியை அடக்கும் குணம் கற்பனையில்லை என்பதற்கு இந்த இரண்டும் நல்ல சான்று. ஆனால் வயலுக்கு வர மூலக்கூறையே கனமாக்கவோ திருத்தவோ வேண்டியிருந்தது.

#13 · கிடங்குச்சாவி

எல்லோரும் திறந்த வயலிலேயே நிற்கிறீர்கள். மூடிய இடத்தில் தைலம் முழுவதுமாக ஜெயித்த ஓர் இடம் உண்டு: உருளைக்கிழங்குக் கிடங்கு.

ஆண்டிஸ் மலையில் முன்யா என்ற புதினா இனச் செடியின் தழையைக் கிழங்கோடு அடுக்கி வைப்பது பழைய வழக்கம். அதே தத்துவத்தில் நெதர்லாந்தில் கேரவே (சீமைச்சீரகம்) விதையின் வாசனைப் பொருளான கார்வோனை முளைத்தடுப்பானாகக் கொண்டுவந்தார்கள். நீண்டகாலம் பயன்பட்ட முளைத்தடுப்பு ரசாயனமான குளோர்புரோஃபாமுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை, 2020 அக்டோபரோடு பயன்பாடு முடிந்தது. அப்போது கார்வோன் நிறைந்த ஸ்பியர்மின்ட் (ஒரு புதினா வகை) எண்ணெயும் ஆரஞ்சு எண்ணெயும் முன்னுக்கு வந்தன. கார்வோன் தானாக ஆவியாவது மெதுவு என்பதால் எண்ணெயைச் சூடாக்கிப் புகைமூட்டமாகக் கிடங்குக்குள் விடுகிறார்கள். ஸ்பியர்மின்ட் எண்ணெய்க்கு அங்கே பதிவான அளவு ஒரு தடவைக்கு டன்னுக்கு 90 மில்லி வரை.

வீட்டு அளவுக்குக் கொண்டுவந்தால் 10 கிலோவுக்கு 0.9 மில்லி. கிழங்கு காய்ந்து, தோல் இறுகி இருக்க வேண்டும். மூடியுள்ள மரப்பெட்டி அல்லது தகரப்பெட்டி எடுத்து, எண்ணெய் நனைத்த பஞ்சை ஒரு சிறு கிண்ணத்தில் கிழங்குக்கு மேலே, தொடாமல் வையுங்கள். திரவம் பட்ட தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து அந்த இடம் அழுகத் தொடங்கும். இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு தினமும் சற்றுத் திறக்கவும். மூடியே வைத்தால் கிழங்கின் மூச்சுக்காற்று மூடியில் வேர்த்துச் சொட்டி அழுகல் வரும். நம்மூர்ச் சூட்டில் பலன் சீக்கிரம் தேயும். குளிர்ந்த, இருட்டான மூலையே நல்லது.

எப்போது வைப்பது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த எண்ணெய் முளை வராமல் தடுப்பதை விட, வந்த முளையைச் சுடுவதில்தான் கெட்டி. கண் திறந்து வெள்ளைப் புள்ளி தெரியும்போது வைத்தால் ஓரிரு நாளில் நுனி கறுத்து உலர்ந்துவிடும். முளை ஒரு செ.மீ. தாண்டிவிட்டால் நுனி மட்டும் கருகி, பக்கத்தில் இரண்டு மூன்று கிளைமுளை வரும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கண்களைப் பார்த்து, தேவைப்பட்டால் திரும்ப வைக்கவும். சமைக்கும் முன் நான்கைந்து நாள் காற்றாட விட்டால் வாசம் போய்விடும்.

வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். கடையில் "புதினா எண்ணெய்" என்று கிடைப்பது பெரும்பாலும் மெந்தால் நிறைந்த ஜப்பானியப் புதினா. கார்வோன் இருப்பது ஸ்பியர்மின்டில்.

#14 · அகலிலை

அப்படியானால் விதைக்கு வைக்கும் தானியத்தில் வண்டு வராமல் கற்பூரக் கட்டி, கிராம்பு, தைலப் பஞ்சு போட்டு வைக்கிறோமே, முளைப்பைக் கெடுக்காதா? வடித்த பிறகு மிஞ்சும் எலுமிச்சைப்புல் சக்கையை மூடாக்காகப் போடலாமா?

#15 · வேர்நுனி

கெடுக்கக்கூடும். அதுவும் மூடிய டப்பாதான், தட்டுச் சோதனையின் பெரிய வடிவம். விதை நன்றாகக் காய்ந்திருந்தால் தாங்கும் சக்தி கூடும். ஈரம் ஏறிய விதையில் செல்கள் விழித்துக்கொள்வதால் ஆவி உடனே தாக்கும். டப்பாவை மூடும் முன் 100 விதை எடுத்து முளைப்புச் சோதனை, இரண்டு மாதம் கழித்து அதே டப்பாவிலிருந்து இன்னொரு 100. எண்ணிக்கையோடு வேர் நீளத்தையும் பாருங்கள். அளவு தெரியாமல் மொத்த விதை நெல்லையும் பந்தயம் வைக்க வேண்டாம். அடுத்த போகத்துக்கான விதை அது. விதைக்கும் முன் தட்டில் பரப்பி இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுவதும் உதவும்.

மிகக் குறைந்த அளவில் சில தைலங்கள் வேரைச் சற்று நீட்டிவிடுவதும் உண்டு. தட்டில் 1 மைக்ரோலிட்டருக்குக் கீழே இப்படி வந்தால் பதற வேண்டாம், சோதனை தவறில்லை. ஆனால் அதை வைத்து "வளர்ச்சி ஊக்கி" என்று சொல்லிவிட முடியாது. தைலத்துக்குத் தைலம், விதைக்கு விதை அந்த எல்லை மாறும்.

#16 · செம்மண்

சக்கை பற்றி: தாராளமாகப் போடலாம். நீராவியில் வடித்ததால் சிட்ரால் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சப் பிரச்சினை வேறு. நார் அதிகம், தழைச்சத்து குறைவு. மண்ணோடு கலந்தால் மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். அதைத் தைலத்தின் நஞ்சு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். யூரியாவோ சாணிக்கரைசலோ கொடுத்து ஒரு வாரத்தில் பச்சை திரும்பினால் அது தழைச்சத்துப் பற்றாக்குறைதான். மேல்மூடாக்காக 5 செ.மீ. கனத்துக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மண்ணில் கலக்க வேண்டாம்.

பச்சைத் தைல இலை அப்படியில்லை. வடிக்காதது, எண்ணெயும் ஃபீனாலிக்கும் முழுவதும் உள்ளே இருக்கும். சாணத்தோடு சேர்த்துக் குவித்து, சூடேறி, இரண்டு மூன்று தடவை புரட்டி, மூன்று மாதமாவது ஆகட்டும். கையில் கசக்கி மோந்தால் தைல வாசம் வரக்கூடாது. அதற்குப் பிறகும் ஒரு பிடி உரத்தை நீரில் ஊறவைத்து, வடித்த நீரில் வேர்நுனி சொன்ன முறைப்படி 25 முள்ளங்கி விதை. நாற்றங்காலில் போடுவதென்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். வளர்ந்த மரத்தடியில் போடுவதென்றால் தேவையில்லை.